பொம்மைக்கு வந்த கட்டி

தண்ணீர் கறுத்தால் சிரிக்கிற மனிதர்களைப் பார்க்க வேண்டுமென்றால் கரைப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். முன்பு மேசை நாற்காலி விற்ற கடை அது. இப்போது அங்கே நோயைக் கரைத்து எடுக்கிறார்கள். காலையில் கதவு திறப்பதற்குள் வாசல் நிறையச் செருப்பு. உள்ளே இடம் பிடிக்கக் கைப்பையைப் போட்டுவிட்டுப் போனவர்கள், அந்தக் கைப்பையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தவர்கள், இருவரையும் சமாதானம் செய்யப் போய்ச் சண்டையில் சேர்ந்துகொண்டவர்கள். நோயாளிகள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாத தெம்பில் இருந்தார்கள்.

வைத்தியம் ரொம்ப எளிது. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் வெந்நீர், அதற்குள் ‘மூல உப்பு’ என்று ஒரு கரண்டி. தொட்டிக்குள் ஒரு கம்பிச் சுருள் கிடக்கும். அதிலிருந்து ஒயர் ஒரு பெட்டிக்குப் போகும். நோயாளி காலை உள்ளே விட்டதும் பெட்டியின் சுவிட்சைத் தட்டுவார்கள். சிறிது நேரத்தில் தண்ணீர் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், பிறகு பார்க்கவே குமட்டும். அத்தனையும் பாதத்தின் வழியாக இறங்கிய நஞ்சு! எந்த நஞ்சு என்று தெரிந்துகொள்ளச் சுவரில் ஒரு வண்ணப் பலகை. மஞ்சள் என்றால் ஈரல். பச்சை என்றால் பித்தப்பை. பழுப்பு என்றால் கட்டி. கறுப்பு என்றால், நல்ல வேளை, இப்போதாவது வந்தீர்கள்.

பெஞ்சில் நடக்கும் பேச்சைக் கேட்க வேண்டும்.

“உங்களுக்கு இன்னைக்கு என்ன கலரு?”

“காப்பிப்பொடி கலரு.”

“அவ்வளவுதானா? எனக்குத் தார் மாதிரி வந்துச்சு. ஐயாவே அசந்துபோயிட்டார்.”

காப்பிப்பொடிக்காரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள். மறுநாள் தார் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு வருவாள். நோய் முற்றியிருப்பதில் போட்டி போடும் ஒரே மண்டபம் உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும்.

இந்த அற்புதத்தின் சொந்தக்காரருக்கு ஊர் வைத்த பெயர் நீர் ஐயா. மடிப்புக் கலையாத வெள்ளை உடை, மெதுவான நடை, அதைவிட மெதுவான பேச்சு. அவருடைய பெரிய முதலீடு தொட்டியும் பெட்டியும் அல்ல, ஒரு திரைச்சீலை. மண்டபத்தின் குறுக்கே மேலிருந்து முழங்கால் உயரம்வரை தொங்கும். பெண் நோயாளிகள் அதற்குப் பின்னால் உட்கார்ந்து காலை மட்டும் இந்தப் பக்கம் நீட்டி, தொட்டியில் விட வேண்டும். “பெண்களை நான் பார்க்க மாட்டேன், தொட மாட்டேன். தண்ணியை மட்டும்தான் பார்ப்பேன். தண்ணி பொய் சொல்லாது” என்று ஐயா ஒருமுறை சொன்னார். விளம்பரத்துக்கு அதற்குமேல் அவர் செலவு செய்ய வேண்டியிருக்கவில்லை. மார்பில் கட்டியை வைத்துக்கொண்டு யாரிடம் காட்டுவது என்று கூசிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாம் அந்தத் திரைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

அவர்களில் ஒருத்தி கணக்கு டீச்சர். பிள்ளைகளிடம் ‘விடை மட்டும் எழுதினா மார்க் கிடையாது, எப்படி வந்ததுன்னு காட்டு’ என்று கண்டிப்பாகச் சொல்கிறவள். அவளுடைய தங்கை ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். கடைக்கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற, உட்கார்ந்திருக்கிற பொம்மைகளுக்கு உடுத்திவிடுவதுதான் அவள் உத்தியோகம். இந்தக் கதையில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தவள் அவள்தான்.

ஏனென்றால், அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத் திசு எடுத்து, சோதித்து, சந்தேகமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்குச் சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்கள். தள்ளிப்போட்டால் அடுத்த தேதி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது, அதுவரை நோயும் காத்திருக்காது என்று அந்த அறுவை டாக்டரம்மா முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அக்கா தலையை ஆட்டிவிட்டு, நேராகக் கரைப்பு நிலையத்துக்குப் போய்க் காலை நனைத்துக்கொண்டாள்.

படித்தவள் ஏன் இப்படிச் செய்தாள் என்று சட்டென்று சிரித்துவிடாதீர்கள். அதற்கு முன் இன்னொருவரைப் பார்க்க வேண்டும். அவர் நிஜமான டாக்டர். சுவரில் நிஜமான பட்டம். நோயாளி நாற்காலியில் உட்காருவதற்குள் மருந்துச் சீட்டை எழுதி முடித்துவிடும் வேகத்தால் அவரைச் சீட்டு டாக்டர் என்பார்கள். அக்கா முதலில் அவரிடம்தான் போனாள். இடது மார்பில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்படுகிறது என்றாள். அவர் நிமிரவில்லை. “பால் கட்டியிருக்கும். வலி மாத்திரை எழுதியிருக்கேன்” என்றார். அக்காவின் கடைசிப் பையனுக்கு அப்போது மீசை முளைத்திருந்தது.

மறுபடி போனாள். “ஹார்மோன். இந்த வயசுல வரும்” என்றார். மூன்றாவது தடவை, “மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க” என்று தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். ஒரு தடவைகூடக் கட்டியைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. இப்படியே மாதங்கள் ஓடின. கடைசியில் தங்கைதான் கையைப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“அந்த டாக்டரும் படிச்சவர்தானே?” என்று அக்கா இப்போது கேட்டாள். சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள். “அவர் ஒண்ணுமில்லைன்னார். இவங்க கத்தி வைக்கணும்ங்கிறாங்க. நான் யாரை நம்புறது?”

“சோதனை பண்ணிச் சொன்னவங்களை நம்பு.”

“ஐயாவும்தான் தினம் சோதனை பண்றார். முதல் நாள் தண்ணி கறுப்பா வந்துச்சு. இப்ப லேசாத் தெளிஞ்சுட்டே வருது. கட்டி கரையுதுடீ. கத்தி பட்டா பரவிடும்னு சொல்றார்.”

அத்தான் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பதே குடும்ப அமைதி என்று நினைப்பவர். “அவ மனசுக்கு எது பிடிக்குதோ...” என்று இழுத்தார்.

“மனசுக்கா வியாதி?” என்று தங்கை எரிந்து விழுந்தாள். அத்தான் சட்டென்று எதையோ தேடுவதுபோல் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் தங்கை தானே நோயாளியாகப் போனாள். தலைவலி என்று சொல்லித் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். உப்புப் போட்டு, சுவிட்சைத் தட்டிவிட்டு உதவியாளர் அம்மா அடுத்த தொட்டிக்கு நகர்ந்ததும், இரண்டு காலையும் மெல்ல எடுத்து நாற்காலிமேல் சம்மணம் போட்டுக்கொண்டாள். கால் இல்லாத தண்ணீர் என்ன செய்ய வேண்டும்? வெட்கப்பட்டாவது சும்மா இருக்க வேண்டும். அது பாட்டுக்கு மஞ்சளாகி, பழுப்பாகி, பொங்கிக்கொண்டிருந்தது. ஐயா வரும் சத்தம் கேட்டதும் காலை மறுபடி உள்ளே விட்டாள். ஐயா தண்ணீரைக் கண்ணாடிக் குச்சியால் கலக்கி, “கோபம். பித்தத்துல இறங்கியிருக்கு” என்றார். கோபம் மட்டும் உண்மை.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னாள். கேட்டதும் அக்கா கண்ணைத் திறந்துகொள்வாள் என்று எதிர்பார்த்தாள், பாவம். அவள் கடை பொம்மைகளோடே பழகியவள், நம்பிக்கைக்காரர்களோடு பழகியதில்லை.

“காலை எடுக்கறதுக்கு முன்னாடியே இறங்கியிருக்கும்” என்றாள் அக்கா. “இல்லாட்டி உன் சந்தேகமே ஒரு நஞ்சுதானே? அதுக்குக் கால் எதுக்கு?”

இந்தப் பதிலைக் கேட்டு அன்று முழுவதும் தங்கைக்கு அழுகை முட்டிக்கொண்டே இருந்தது. கடையில் ஒரு பொம்மைக்குச் சட்டை மாட்டியபடியே மூக்கைச் சிந்தினாள். அது சாய்வு நாற்காலியில் உட்காருகிற பொம்மை. காலை நீட்டி, கையை மடியில் வைத்து, எதையும் நம்பத் தயாரான ஒரு முகம். தங்கை அழுவதை நிறுத்திவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

வியாழக்கிழமை வந்தது. அன்றுதான் ஐயாவின் பொதுத் தரிசனம். திரைக்கு இந்தப் பக்கம் பெஞ்சுகளில் கூட்டம் உட்கார்ந்து பார்க்க, ஐயா தொட்டி தொட்டியாக நடந்து பலன் சொல்வார். அக்கா முன்பே போய்த் திரைக்குப் பின்னால் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் ஆபரேஷனுக்குப் போவதில்லை என்று முடிவும் செய்திருந்தாள்.

வாசலில் ஒரு சக்கர நாற்காலி வந்து நின்றது. அதில் தலைக்குத் துணி சுற்றி, முகக்கவசம் மாட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டு, கழுத்துவரை போர்த்திய ஓர் அம்மாள். பின்னால் தள்ளிக்கொண்டு தங்கை.

“யாரு?” என்றாள் உதவியாளர் அம்மா.

“என் மாமியார். பக்கவாதம். பேச்சும் கிடையாது.”

“உனக்கு எப்ப கல்யாணம் ஆச்சு?”

“இப்பதான். அவசரமா.”

வரிசையில் நின்ற ஒரு பெண்மணி மாமியாரின் பக்கத்தில் குனிந்து, தன் மூட்டுவலியில் ஆரம்பித்து, மருமகளின் வாயாடித்தனம் வழியாக, வீட்டுப் பங்குத் தகராறுவரை சொல்லி முடித்தாள். மாமியார் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. “எவ்வளவு பொறுமையாக் கேட்கிறாங்க! கொடுத்துவச்சவ நீ” என்று தங்கையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

நோயாளியை வீட்டுக்காரர்கள்தான் உட்கார வைக்க வேண்டும் என்பது நிலையத்தின் விதி. பெட்டி ஓடும்போது வேறு யாராவது தொட்டால் நஞ்சு தொட்டவர்மேல் ஏறிவிடுமாம். எவ்வளவு வசதியான விதி! தங்கை மாமியாரைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, காலைத் தொட்டியில் இறக்கி, முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டைப் போட்டு மூடினாள். உதவியாளர் அம்மா உப்பைப் போட்டுக்கொண்டே, “இந்த வயசுல நகமெல்லாம் எவ்வளவு அழகா வச்சிருக்காங்க” என்றாள்.

ஐயா வந்தார். பழுப்பாகக் கலங்கிய தண்ணீரில் குச்சியை விட்டார். முகர்ந்தார். கண்ணை மூடினார்.

“இடது பக்கம் கட்டி.”

கூட்டம் ‘உச்’ கொட்டியது.

“பிள்ளை பெத்த உடம்பு. வீட்டுல மருமகளோட மனக்கசப்பு. அதை வெளியில சொல்ல மாட்டாங்க. உள்ளேயே வச்சு வச்சுக் கட்டியாயிடுச்சு.”

“அப்படியே சொல்றார் பார்!” என்றாள் மூட்டுவலிக்காரி. பெஞ்சில் அத்தனை தலையும் ஆடியது.

“பிழைப்பாங்களா ஐயா?” என்று தங்கை கேட்டாள். மனதில் இருந்தது அக்கா, அது நடிப்பு அல்ல.

“கத்தி மட்டும் பட விடாதே. தொடர்ந்து கூட்டிட்டு வா. கரைச்சிடலாம்.”

“இது இவங்க உடம்புலேர்ந்து வந்ததுதானா? சத்தியமா?”

“தண்ணி பொய் சொல்லாது, தாயி.”

தங்கை திரையைப் பிடித்து இழுத்தாள். கோபத்தில் கொஞ்சம் பலமாகவே இழுத்துவிட்டாள். கம்பியோடு பெயர்ந்து விழுந்தது. மாமியாரின் கண்ணாடியையும் கவசத்தையும் தலைத்துணியையும் கழற்றினாள். வழவழப்பான மொட்டைத் தலையோடு ஜவுளிக்கடை பொம்மை எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. கழுத்தில் ‘பாதி விலை’ அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவசரத்தில் அதைக் கழற்ற மறந்திருந்தாள்.

மண்டபமே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. ஐயாவும்தான். ஆனால் தொழிலில் பழுத்தவர் அல்லவா, சீக்கிரம் சுதாரித்துக்கொண்டார்.

“கடைவாசல்ல உட்கார்ந்த பொம்மை. போறவர்ற அத்தனை பேர் கண்ணும் பட்டது. அவங்க நஞ்செல்லாம் இதுமேல ஏறியிருக்கு. அதைத்தான் தண்ணி இறக்கியிருக்கு!”

நம்புவீர்களோ மாட்டீர்களோ, பாதிப் பெஞ்சு மறுபடி தலையாட்டியது. “பொம்மைக்கே வைத்தியம் பண்றார்னா நமக்குப் பண்ண மாட்டாரா?” என்று ஒரு குரல் வந்தது. தங்கை கையிலிருந்த தலைத்துணியைத் தரையில் வீசினாள். இதற்குமேல் என்ன செய்ய? இனி ஐயாவைத்தான் தொட்டியில் முக்க வேண்டும்.

அப்போது ஓரத்து நாற்காலியிலிருந்து அக்கா எழுந்தாள். வகுப்பில் தப்புக் கணக்கைப் பார்த்துவிட்டு எழுகிற எழுச்சி அது.

“இன்னொரு தொட்டி வையுங்க” என்றாள். “புதுத் தண்ணி. அதே உப்பு. யாரும் கால் வைக்க வேண்டாம். பொம்மையும் வேண்டாம்.”

“தாயி, உனக்கு இன்னைக்கு மனசு சரியில்லை...”

“வையுங்க.”

அந்தக் குரலுக்கு எத்தனையோ வகுப்புகள் அடங்கியிருக்கின்றன. உதவியாளர் அம்மா பேசாமல் தொட்டியை வைத்தாள். சுவிட்சைத் தட்டினாள். கால் இல்லை, கண் படவில்லை, பொம்மை இல்லை. கூட்டம் பெஞ்சைவிட்டு எழுந்து வந்து சுற்றி நின்றது. கம்பிச் சுருளிலிருந்து முதலில் ஒரு மஞ்சள் இழை கிளம்பியது. பிறகு பழுப்பு. பிறகு, நீங்களும் நானும் எதிர்பார்த்தபடி, தார்.

“இப்ப இது யாரோட கட்டி?” என்று அக்கா கேட்டாள்.

ஐயா வாயைத் திறப்பதற்குள் அடுத்ததைச் சொன்னாள்.

“உப்பு போடாம இன்னொண்ணு.”

அதையும் வைத்தார்கள். தண்ணீர் அப்படியே தண்ணீராகக் கிடந்தது. உப்புத் தண்ணீரில் இரும்புக் கம்பி, அதில் மின்சாரம். துருப்பிடித்துக் கரைந்திருக்கிறது, அவ்வளவுதான். சிறு பிள்ளைக்கும் புரியும். புரியாமல் இருக்கத்தான் இத்தனை நாள் எல்லோரும் சிரமப்பட்டிருக்கிறார்கள்.

அக்கா உதவியாளர் அம்மாவைப் பார்த்தாள். “எனக்கு மட்டும் நாளாக நாளாகத் தண்ணி தெளிஞ்சுது. ஏன்?”

அவள் ஐயாவைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். “உங்களுக்கு உப்பைக் குறைச்சுக்கிட்டே வரச் சொன்னார். குணமாகுற மாதிரி தெரிஞ்சாத்தான் நாலு பேர்கிட்ட சொல்வாங்கன்னு...”

அக்கா வலது கையை எல்லோருக்கும் நடுவில் தன் இடது மார்பின்மேல் வைத்தாள். கூச்சமே வரவில்லை.

“கட்டி அப்படியேதான் இருக்கு. தினமும் தொட்டுப் பார்த்தேன். குறையவே இல்லை. என் விரலுக்குத் தெரிஞ்சுது. நான் விரலை நம்பலை, தண்ணியை நம்பினேன்.” அதுவரை தாங்கியவள் உடைந்து அழுதாள். தங்கை ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவளுக்கும் அழுகைதான், ஆனால் நெஞ்சு நிறைந்த அழுகை.

‘நமக்குப் பண்ண மாட்டாரா’ என்று கேட்ட குரல்தான் முதலில், “எங்க பணத்தை எடுத்து வை!” என்று கத்தியது. ஐயா மெதுவான நடைக்குப் பேர்போனவர் என்று சொன்னேன் அல்லவா? பின்கதவுக்குப் போகும்போது அந்தப் பெயரைக் காப்பாற்ற அவருக்கு நேரமிருக்கவில்லை. கூட்டத்தில் யாரோ அழைத்திருந்த போலீஸ், அவர் மதில் ஏறுகையில் பிடித்தது.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் நடந்தது. முதலிலேயே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம், இப்போது மார்பை முழுதாக எடுக்க வேண்டியிருக்கிறது என்று டாக்டரம்மா முன்னமே மறைக்காமல் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டாள். அன்று அவளுக்கு வந்தது பயமல்ல, கோபம். உடம்பு தேறியதும் முதல் வேலையாகச் சீட்டு டாக்டர்மேல் புகார் கொடுத்தாள்.

விசாரணை அறையில் டாக்டருக்காகப் பேச ஒரு வக்கீல் வந்திருந்தார். இதெல்லாம் வெறும் குற்றச்சாட்டு என்றார். இந்த அம்மா ஒரு போலியிடம் போய்க் காலை நனைத்துக்கொண்டிருந்தார், தாமதத்துக்கு அந்தப் போலிதான் பொறுப்பு, என் கட்சிக்காரர் முறைப்படி படித்துப் பட்டம் வாங்கியவர் என்றார். சீட்டு டாக்டர் பக்கத்தில் நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

அக்கா எழுந்தாள்.

“போலிகிட்ட நான் போனது சில வாரம். அது என் முட்டாள்தனம், ஒத்துக்கறேன். அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா இவர்கிட்ட போனேன். அவன் தண்ணியைப் பார்த்துக் கட்டி கரையுதுன்னான். இவர் எதையுமே பார்க்காம கட்டியே இல்லைன்னார். அவனுக்குத் தொட்டா தெரியாது. இவருக்குத் தொட்டா தெரிஞ்சிருக்கும். யார் குற்றம் பெருசுன்னு நீங்களே கணக்குப் போடுங்க.”

வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். தீர்ப்பு இன்னும் வரவில்லை. வரும்போது வரட்டும்.

அதற்குள் பக்கத்துத் தெருவில் ஒருவர் மணலில் புதைத்து நோய் எடுக்கிறாராம். இப்போதே வாசல் நிறையச் செருப்பு என்று கேள்வி. போகிறவர்கள் போங்கள். ஒன்றை மட்டும் யோசித்துக்கொண்டே போங்கள். அன்றைக்கு அந்த மண்டபத்தில் ஐயா பேசப் பேசத் தலையாட்டாமல் உட்கார்ந்திருந்தது அந்தப் பொம்மை ஒன்றுதான். அதன் தலைக்குள் ஒன்றும் கிடையாது. நமக்கு இருக்கிறது அல்லவா?